கடைசிப் புதனுக்கு ஒரு தீப்பெட்டி

அத்தியாயம் 19

முனியராஜ் போய் இன்றோடு நாற்பத்தோரு நாள்.

திருத்தங்கல் வீட்டில் இப்போதெல்லாம் யாரும் அழுவதில்லை. அழுதால் தேற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும். மிச்சமிருந்த நாலு பேரில் அதற்குத் தெம்பு உள்ளவர் ஒருவரும் இல்லை. அதனால் சாப்பிட்டார்கள், துணி துவைத்தார்கள், வேலைக்குப் போனார்கள். பதினேழாம் நாளே சின்னத்தாய் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். சீசன் நேரத்தில் ஆள் குறைந்தால் கம்பெனி காத்திருக்காது. அவள் புருஷன் வேலுச்சாமி அதற்கும் இரண்டு நாள் முன்பே வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருப்பதைவிட வெடிமருந்துக்கு நடுவில் இருப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. முனியராஜ் சின்னத்தாயின் மூத்த பிள்ளை. விருதுநகரில் ஓர் ஆபீஸில் அமெரிக்க பேஸ்பால் ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து, ஒவ்வொரு பந்தையும் கம்ப்யூட்டரில் குறித்து அனுப்புகிற வேலை. ஆகஸ்ட் முதல் தேதி, வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, சூலக்கரைக்குப் பக்கத்தில் நாலுவழிச் சாலையில் லாரி மோதி இறந்தான். சினேகா அவன் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது.

அவள் மனசில் இருப்பதுதான் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அன்றைக்குக் காலையில் சண்டை. புதுச் சண்டை இல்லை, நாலு மாசமாக நடக்கிற சண்டைதான். தனிவீடு. ஒரே ஒரு அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில் ஐந்து பேர் எப்படிக் காலம் தள்ளுவது என்பது அவள் கேள்வி. "சாயங்காலம் சொல்றேன்" என்றான் அவன். சாயங்காலம் சொல்கிறேன் என்று எத்தனை சாயங்காலத்தை ஓட்டியிருக்கிறான். அவளுக்குக் கோபம் வந்தது. "சாயங்காலம் வந்தா ஒரு முடிவோட வாங்க. இல்லாட்டி வராதீக" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினான். வரவே இல்லை.

ஆபீஸில் இருக்க வேண்டிய நேரத்தில் சூலக்கரையில் அவனுக்கு என்ன வேலை? ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவில் அந்த ஊர் வராது. யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பிரேக் போட்ட சத்தமே கேட்கவில்லை என்று டீக்கடைக்காரர் போலீஸிடம் சொன்னாராம். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். சினேகாவால் முடிக்க முடியவில்லை. தான் சொன்ன ஒரு சொல்லால் அவன் வேண்டுமென்றே போய்விட்டானோ என்று நினைத்தாள். நினைத்து நினைத்து, பயப்படுகிற இடமே உள்ளுக்குள் மரத்துப்போய்விட்டது.

அதற்கு மேல் அந்தத் தீப்பெட்டி வேறு.

*

காலை ஆறேகாலுக்கு சின்னத்தாய் வாசல் கதவின் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். நேற்று அலமாரிப் பூட்டுக்குப் போட்டாள். போன வாரம் இரும்புப் பெட்டிக்கு. சினேகா ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு கிறுக்கு இருந்தது, அடுத்தவர் கிறுக்கை யாரும் தொடுவதில்லை.

"துரு ஏறிப் போச்சுத்தா" என்றாள் சின்னத்தாய், யாரும் கேட்காமலே.

"சரித்தை."

"ஒங்கப்பா நேத்துப் போன் பண்ணாரு. மல்லாங்கிணறுக்குக் கூட்டிட்டுப் போறோம்னாரு. நான் என்ன சொல்ல?"

"நானே பேசிக்கிறேன்த்தை."

"போறதுன்னா போ. இருக்கிறதுன்னா இரு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை, பிரியமாகவும் சொல்லவில்லை. வேன் ஹாரன் கேட்டது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஓவியா தலை சீவிக்கொண்டிருந்தாள். முனியராஜின் தங்கை. அண்ணன் வேலை பார்த்த ஆபீஸிலேயே போன வருஷம் சேர்ந்தவள். வேன் திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மதினி, இன்னைக்குத்தான் கடைசிப் புதன். பன்னெண்டரைக்குப் பிரிக்கிறாக."

"தெரியும். நானும் வாரேன்."

"வேணாமே. ரோஷினி அக்காகிட்டச் சொல்லி நானே வாங்கிட்டு வந்துர்றேன்."

"வாரேன்னு சொல்லிட்டேன் ஓவியா."

சினேகா புடவை மாற்றினாள். நாற்பத்தோரு நாளில் முதல் தடவையாக வெளியூர் பஸ் ஏறப்போகிறாள். வெளியே போகிற பயமோ, நாலு பேர் பார்ப்பார்களே என்கிற கூச்சமோ வரும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. புடவையில் ஊக்கு குத்தி விரலில் ரத்தம் வந்ததைக்கூட பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள்.

*

அது என்ன தீப்பெட்டி என்று சொல்லிவிடுகிறேன்.

நாள் முழுக்க அமெரிக்கக்காரன் அடிக்கிற பந்தைக் குறித்துக் குறித்து அந்த ஆபீஸில் எட்டுப் பேருக்கு பேஸ்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. விருதுநகரில் எவனும் அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. இவர்கள் எட்டுப் பேரும் மட்டும் அதைப் பற்றிச் சோறு தின்னாமல் பேசுவார்கள். மூன்று வருஷமாக ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். அங்கே நிஜமாக ஆடுகிற ஆட்டக்காரர்களை எட்டுப் பேரும் பங்கு போட்டு ஆளுக்கு ஓர் அணி அமைத்துக்கொள்வது. அவன் அங்கே அடித்தால் இவனுக்கு இங்கே புள்ளி ஏறும். காசு பணம் எதுவும் கிடையாது. ஜெயித்தவனுக்குத் தோற்றவர்கள் பரோட்டா வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான்.

யார் அணியிலும் சேராமல் மிச்சம் கிடக்கிற ஆட்டக்காரர்கள் நிறைய. அதில் ஒருவன் திடீரென்று நன்றாக ஆடத் தொடங்குவான். அவனை எடுக்கத்தான் புதன்கிழமை ஏலம். சீசன் முழுக்க ஆளுக்கு நூறு ஏலப்புள்ளி. ஒரு தடவை செலவழித்தது போனதுதான். யார் எவ்வளவு கேட்கிறார் என்று மற்றவருக்குத் தெரியக் கூடாது. துண்டுச் சீட்டில் ஆட்டக்காரன் பேரும், கேட்கிற புள்ளியும், அவனுக்குப் பதிலாக அணியிலிருந்து யாரை விடுகிறோம் என்பதும் எழுதி, காலித் தீப்பெட்டியில் வைத்து, மேலே லேபிளைச் சுற்றி ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஏலத்தை நடத்துகிற ரோஷினியும் அதே ஆபீஸ்தான். அவள் அப்பா சிவகாசியில் லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் இருக்கிறார். கலர் பிசகிக் கழித்த லேபிள் கட்டுக்கட்டாக அவள் வீட்டில் கிடக்கும். பெட்டியைத் திறந்து பார்த்தால் லேபிள் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். எல்லாப் பெட்டியும் ரோஷினியின் மேஜை டிராயரில் பூட்டியிருக்கும். புதன் மதியம் பன்னிரண்டரைக்குத்தான் பிரிப்பாள்.

சீசன் முடியப்போகிற சமயத்தில் ஏலம் சூடாக இருக்கும். கடைசிப் புதனுக்கு அப்புறம் கையில் மிச்சமிருக்கிற புள்ளி எதற்கும் உதவாது. வைத்திருக்கிறவன் எல்லாம் அன்றைக்கு மொத்தத்தையும் கொட்டிவிடுவான்.

முனியராஜிடம் பதினோரு புள்ளி மிச்சம் இருந்தது. அவன் இறந்தது வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை சாயங்காலம் ரோஷினியிடம் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்திருக்கிறான். மேலே பேனாவில் தேதி எழுதியிருந்தது. அடுத்த புதனின் தேதி இல்லை. செப்டம்பர் பத்து. கடைசிப் புதன்.

ஆறு வாரத்துக்கு அப்புறம் நடக்கப்போகிற ஏலத்துக்கு இப்போதே ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? அன்றைக்குத் தான் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தவன்தானே அப்படிச் செய்வான்?

இதுதான் சினேகாவின் கேள்வி. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த ரோஷினி, பெட்டி விஷயத்தை ஓவியாவிடம் சொன்னது இவள் காதிலும் விழுந்தது. அப்போதே பிரித்துத் தருகிறேன் என்றுதான் ரோஷினி சொன்னாள். சினேகாதான் வேண்டாம் என்றாள். பிரித்துவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மல்லாங்கிணற்றிலிருந்து அப்பா மூன்று தடவை கூப்பிட்டும் போகாமல் இருந்தது இதற்காகத்தான். இன்றைக்கு அந்தச் சீட்டில் என்ன இருக்கிறதோ, அதை வைத்துத்தான் மிச்சத்தை முடிவு செய்ய வேண்டும்.

*

ஆபீஸில் மேஜை மேல் எட்டுத் தீப்பெட்டி வரிசையாக இருந்தது. ஏழில் ஒட்டு புதுசு. ஒன்றில் மட்டும் லேபிள் ஓரம் காய்ந்து சுருண்டிருந்தது.

"உக்காருங்கக்கா" என்றாள் ரோஷினி. நாற்காலியை இழுத்துப் போட்டாள், பிறகு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், பிறகு ஃபேனைப் போட்டாள். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் போனதும் பேசினாள்.

"அக்கா, நாங்க பேசி வச்சிருக்கோம். அண்ணன் பெட்டியப் பிரிக்கல. அப்படியே ஒங்க கையில குடுத்துர்றோம். நீங்க வீட்ல போயிப் பாத்துக்கோங்க."

மகேஷ்குமார் சுவரோரம் நின்றிருந்தான். புள்ளிப் பட்டியலில் முதல் இடம் அவனுக்கு. இரண்டாவது இடம் முனியராஜுக்கு. முனியராஜ் போன பிறகு அந்த அணியைக் கலைக்க யாருக்கும் மனசு வரவில்லை. இருக்கிற ஆட்டக்காரர்களில் யாரை இறக்குவது என்று தினமும் ஓவியாதான் பார்த்துக்கொண்டாள். ஏலத்தில் மட்டும் அவள் கை வைத்ததில்லை.

"இல்ல ரோஷினி, ஒண்ணு கேக்கணும்" என்றான் மகேஷ்குமார். "தப்பா எடுத்துக்காதீக. ஆளு இல்லாதப்ப அவுக கேட்ட ஏலம் செல்லுமா? செல்லாதுன்னா இப்பவே சொல்லிரலாம். செல்லும்னா பிரிக்கணும். ரெண்டுங்கெட்டானா வச்சுக்கிட்டு நான் ஜெயிச்சேன்னு சொல்லிக்க எனக்குப் பிடிக்கல."

"ஏலே, சும்மா இருலே" என்றாள் ரோஷினி பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவுக சொல்றது சரிதான்" என்றாள் சினேகா. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "ஒங்களோட சேந்து வெளயாடணும்னுதான அவரு எழுதிக் குடுத்தாரு. எல்லாத்தோடயும் சேத்தே பிரிங்க. கடைசியாப் பிரிங்க."

அவள் குரல் அவளுக்கே பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

பிரித்தார்கள். முதல் பெட்டியில் யாரோ ஓர் ஆட்டக்காரனுக்கு மூன்று புள்ளி. இரண்டாவதில் வெறும் சீட்டு. மூன்றாவதில் எல்வின் மராஸ், ஏழு புள்ளி. அடுத்ததிலும் எல்வின் மராஸ், நாலு புள்ளி. இந்த மராஸ் இடதுகைப் பந்துவீச்சாளன். போன வாரம் வரைக்கும் கீழ்மட்ட ஆட்டங்களில் கிடந்தவன். திங்கட்கிழமைதான் மேலே கூப்பிட்டார்கள், வந்த அன்றைக்கே ஒன்பது பேரை அவுட்டாக்கித் திருப்பி அனுப்பினான். எல்லார் கண்ணும் அவன்மேல்தான்.

மகேஷ்குமார் பெட்டி ஏழாவது. "எல்வின் மராஸ், ஒம்போது" என்று படித்தாள் ரோஷினி. அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

எட்டாவது பெட்டியை ரோஷினி நகத்தால் கீறினாள். ஒட்டு காய்ந்திருந்ததால் லேபிள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சீட்டு நாலாக மடித்திருந்தது. மற்றவர்கள் எழுதியதைவிட நீளமான சீட்டு.

"எல்வின் மராஸ்" என்று படித்தாள். நிறுத்தினாள். மறுபடி படித்தாள். "எல்வின் மராஸ். பதினொண்ணு."

ஜூலை மாதத்தில் அந்தப் பேரைக் கேள்விப்பட்டவர்கள் அந்த ஆபீஸிலேயே ஒருவரும் கிடையாது. கீழ்மட்ட ஆட்டங்களின் வீடியோ முனியராஜின் மேஜைக்குத்தான் வரும்.

"பாத்திருக்காரு" என்றான் மகேஷ்குமார். "அப்பவே பாத்து வச்சிருக்காரு. செப்டம்பர்ல மேல கூப்புடுவான்னு கணக்குப் போட்டிருக்காரு." சுவரிலிருந்து நகர்ந்து வந்து, தன் சீட்டை எடுத்துக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டான். "செல்லும். எழுதிக்கோ ரோஷினி. மராஸ் அண்ணனுக்கு."

ரோஷினி எழுதவில்லை. சீட்டின் கீழ்ப்பாதியைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்துச் சீட்டை மேஜை மேல் சினேகா பக்கம் தள்ளினாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

சினேகா எடுத்தாள். அவன் கையெழுத்து. எழுத்தெல்லாம் வலது பக்கம் விழுகிற மாதிரி சாய்ந்திருக்கும்.

'ரோஷினி, இதைப் பிரிக்கும்போது நான் லீவு. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அப்புறம் பெட்டி வரவில்லை என்று என்னை ஏலத்திலிருந்து தள்ளக் கூடாது. சூலக்கரையில் மாடி வீடு ஒன்று பேசி முடித்தாகிவிட்டது. ஒயரிங் வேலை முடிந்ததும் ஆவணி இருபத்தஞ்சு, இதே புதன் அன்று பால் காய்ச்சுகிறோம். சாயங்காலம் எல்லாரும் வந்துவிடுங்கள். மகேஷ்குமார் வெறுங்கையோடு வரக் கூடாது. இதை எழுதும்போது சினேகாவுக்கே தெரியாது. நாளைக்கு மதியம் போய்ச் சாவி வாங்கி, சாயங்காலம் அவள் கையில் கொடுக்கப் போகிறேன். அம்மாவிடம் பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவரை வேறு யாரிடமும் மூச்சு விடமாட்டேன்.'

மூன்று தடவை படித்தாள். சூலக்கரை. சாவி. சாயங்காலம். அன்றைக்கு மதியம் வரை பொறுக்காமல் காலையிலேயே கிளம்பியிருக்கிறான். காலையில் அவள் போட்ட சண்டைதான் அவசரப்படுத்தியிருக்கும். அதுவும் வலிக்கத்தான் செய்தது. ஆனால் இது வேறு வலி. இதை வைத்துக்கொண்டு இருந்துவிடலாம். அவன் சாகப் போகவில்லை. வீட்டுச் சாவி வாங்கப் போயிருக்கிறான்.

இப்போது அழுகை வரும் என்று காத்திருந்தாள். ஓவியா அழுதாள், ரோஷினி அழுதாள். சினேகாவுக்குப் பசித்தது. நாற்பத்தோரு நாளில் முதல் தடவையாக வயிறு கேட்டது. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

"ரோஷினி, சாப்பிட ஏதாவது இருக்கா?"

ரோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தாள். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும். சினேகா அதைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். ஏலம் கேட்ட ஏழு பேரும் வேலையை விட்டுவிட்டு ஒருத்தி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

*

திரும்பும் பஸ்ஸில் ஓவியா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆமத்தூர் தாண்டிய பிறகுதான் கேட்டாள்.

"அம்மாகிட்ட என்ன மதினி சொல்ல?"

"எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லாம எப்படி? சொன்னாலும் தாங்காது. மகன் நம்மள விட்டுட்டுத் தனியாப் போகப் பாத்தான்னு தெரிஞ்சா..." ஓவியா முடிக்கவில்லை. அவளுக்கும் அது புதுச் செய்திதான். அண்ணன் தன்னிடம்கூடச் சொல்லவில்லை என்கிற வருத்தம் முகத்தில் இருந்தது.

காலையில் ஏறும்போது சினேகாவிடம் ஒரு சுமை இருந்தது. அதை விருதுநகரில் இறக்கிவிட்டு, சின்னத்தாயின் தலையில் வைக்க வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். மகன் போன துக்கத்தைத் தாங்குகிறவளிடம், போவதற்கு முன்பே அவன் உன்னை விட்டுப் போக முடிவு செய்திருந்தான் என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் கேட்டது நான், செய்தது அவன் என்று.

"ஏலத்த மட்டும் சொல்வோம். மத்தது வேணாம்" என்றாள் கடைசியில்.

*

ஆறு மணிக்கு வேன் வந்தது. சின்னத்தாய் வந்ததும் வராததுமாகத் தொட்டிப் பக்கம் போய்க் கையைத் தேய்த்துக் கழுவினாள். அலுமினியப் பொடி ரேகைக்குள் புகுந்துவிட்டால் சீக்கிரம் போகாது. தீபாவளி வரைக்கும் அந்தக் கை சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். வேலுச்சாமிக்கு இன்று ஓவர்டைம், வர ஏழாகும்.

"ரெண்டு பேரும் எங்கன போயிட்டு வந்தீக?" என்றாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே. "பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் வாசல்லயே நின்னு சொல்றா, ஒன் மருமக பஸ் ஏறிப் போறான்னு."

சினேகா ஓவியாவைப் பார்த்தாள். ஓவியா சொன்னாள்.

"அண்ணன் ஆபீஸுக்கும்மா. அங்கன ஒரு வெளயாட்டு வெளயாடுவாகள்ல, தீப்பெட்டில சீட்டு எழுதிப் போட்டு. இன்னைக்குக் கடைசி ஏலம். அண்ணன் போறதுக்கு மொத நாளே இந்த வாரத்துச் சீட்ட எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கு. அதப் பிரிச்சாக. அண்ணந்தான் ஜெயிச்சிருக்கு."

"இந்த வாரத்துச் சீட்ட அப்பவேவா?"

"ஆமாம்மா. ஆறு வாரத்துக்கு முன்னாடியே."

சின்னத்தாய் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"லீவு போட்டிருப்பான்" என்றாள்.

சினேகாவுக்குக் காதில் விழுந்தது புரியச் சற்று நேரமானது. "என்னத்தை?"

"லீவு எடுக்கிறவுக அப்படித்தான செய்வாக? இருக்கன்குடி கோயிலுக்குப் போறதுன்னா நாங்க அம்புட்டுப் பேரும் முந்துன வாரமே கூடுதலா வேல பாத்துக் குடுத்துட்டுத்தான் போவோம். வந்து நின்னா கணக்கு ஒதைக்கக் கூடாதுல்ல. இவன் சின்னப்பிள்ளைல என்கூட ஒக்காந்து தீப்பெட்டி ஒட்டுனவன். மறுநா பள்ளிக்கூடத்துல ஊர் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போறாகன்னா, மொத நா ரெண்டு பங்கு ஒட்டி வச்சுட்டுத்தான் படுப்பான். பளக்கம் எங்க போகும்?"

சினேகா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பத்தோரு நாள். பக்கத்தில் படுத்திருந்தவளிடம் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருந்தால் போதும். பதினாறாம் நாளே அவள் பதில் சொல்லியிருப்பாள், இதே மாதிரி கை துடைத்துக்கொண்டே. தன் மேலேயே ஆத்திரம் வந்தது. வெகு நாளைக்கு அப்புறம் வந்த முதல் ஆத்திரம்.

சின்னத்தாய் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"லீவு எதுக்குன்னு எழுதியிருக்கானா?"

ஓவியா தட்டை எடுக்கிற சாக்கில் உள்ளே போனாள். சினேகாவின் இடுப்பில், புடவை மடிப்புக்குள், அந்தச் சீட்டு இருந்தது. இல்லை என்று சொல்லிவிடலாம். சின்னத்தாய்க்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. இல்லை என்றால் அதோடு போய்விடும்.

"அத்தை, அது வந்து..."

"இரு" என்றாள் சின்னத்தாய். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து அவிழ்த்தாள். வெற்றிலைக்கும் பாக்குக்கும் அடியில் விரலை விட்டு எதையோ எடுத்துத் தரையில் வைத்தாள்.

ஒரு சாவி. புதுசு. வளையத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது.

"ஆஸ்பத்திரியில குடுத்த சட்டையில இருந்துச்சு. செல்போன ஒன் கையில குடுத்தேன். இதக் குடுக்கல. நம்ம வீட்டுச் சாவியா இல்ல. எல்லாப் பூட்டுலயும் போட்டுப் பாத்துட்டேன். எண்ணெய் விட்டு விட்டுப் பாத்தேன். எதுலயும் சேரல." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "சூலக்கரைல அவனுக்கு யாரு இருக்கான்னு என்னென்னமோ நெனச்சேன். பெத்தவ நெனைக்கக் கூடாததெல்லாம் நெனச்சேன். ஒனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டியேன்னு மறச்சு வச்சேன். அந்தச் சீட்டுல இருக்கா, இல்லையா? எதுன்னாலும் படி."

சாவி வாங்கி முடித்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறான். வருகிற வழியில்தான் லாரி வந்திருக்கிறது.

சினேகா சீட்டை எடுத்தாள். படித்தாள். ஒரு வார்த்தை விடவில்லை. 'அம்மாவிடம் பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் நானே சொல்லிக்கொள்கிறேன்' என்கிற இடத்தில் குரல் உடைந்தது. காலையில் இருந்து வராத அழுகை அங்கே வந்தது. அழுதுகொண்டே மிச்சத்தையும் படித்தாள்.

"நாந்தான் கேட்டேன் அத்தை" என்றாள். "தனியாப் போகணும்னு நாந்தான் கேட்டேன். அவராப் போகல."

சின்னத்தாய் அழவில்லை. சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் ஓவியாவின் விசும்பல் கேட்டது. வெளியே கருப்பம்மாள் வீட்டு டிவியில் ஏதோ சிரிப்புச் சத்தம்.

"முந்துன நாளுன்னா நேத்து" என்றாள் சின்னத்தாய். "நேத்து எங்கிட்டச் சொல்லியிருப்பான்."

"ஆமாத்தை."

"நான் ரெண்டு நாளு பேசாம இருந்திருப்பேன். பெறகு வந்திருப்பேன்."

சினேகா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சின்னத்தாய் சாம்பல் படிந்த ஒற்றை விரலால் சாவியை சினேகா பக்கம் ஒரு சாண் தள்ளினாள். எழுந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் முன்னால் போய் நின்றாள். படிக்கத் தெரியாவிட்டாலும் மாசம் எங்கே முடிகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

"புரட்டாசி பொறக்க இன்னும் ஆறு நாளு இருக்குல்ல?" என்றாள், திரும்பாமல்.

புரட்டாசி பிறந்துவிட்டால் ஒரு மாசத்துக்குப் பால் காய்ச்ச முடியாது. போகச் சொல்கிறாளா, தானும் வருகிறேன் என்கிறாளா என்று சினேகாவுக்குத் தெரியவில்லை. கேட்காமல் நாற்பத்தோரு நாளை வீணாக்கியது போதும் என்று தோன்றியது.

"இருக்கு அத்தை" என்றாள். "பால் காய்ச்ச நீங்க வருவீகளா?"

சின்னத்தாய் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெரு முனையில் வேலுச்சாமியின் சைக்கிள் மணி கேட்டது.